சகஜானந்த அடிகள் தேடிய செல்வம்

கடலூர், சிதம்பரம் வட்டங்களில் நம் மக்கள் வாழும் ஊர்களில், பட்டம் பெற்று வீடு திரும்பிய பிள்ளைகளைச் சூழ்ந்து பெற்றோர் கவலைப்படும்பொழுது, தவறாமல் ஒரு சொல் எழுகின்றது. நமக்கு ஆளில்லை என்பதே அச்சொல். பிறருக்கு மாமன் தாலுகா அலுவலகத்தில் இருக்கின்றான். சித்தப்பன் மண்டியில் கணக்கு வைத்திருக்கின்றான். பாட்டன் காலத்துச் சிநேகிதர் வங்கியில் மேலாளர். பிள்ளை பிறக்கும்பொழுதே அவனுக்கு நாற்பது வாயில்கள் திறந்து கிடக்கின்றன. நம் பிள்ளைக்கோ மதிப்பெண் பட்டியல் ஒன்றே துணை. இக்குறை பொய்யன்று. நிலமும் பணமும் மறுக்கப்பட்ட சமுதாயத்திற்கு, அறிமுகமும் பழக்கமும்கூட மறுக்கப்பட்டே வந்தன. ஒருவன் தெருவில் மற்றொருவன் நடக்கக் கூடாது என்றிருந்த நாட்டில், ஒருவனை மற்றொருவன் எங்ஙனம் அறிந்துகொள்வான்?

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இம்மலரில் சுவாமி சகஜானந்தர் வரலாற்றை எழுத நாம் முற்பட்டதற்குக் காரணம் இதுவே. அவரைத் துறவி என்றும், கல்வித் தந்தை என்றும், சட்டமன்ற உறுப்பினர் என்றும் போற்றும் கட்டுரைகள் பல உள. அவையெல்லாம் உண்மையே. எனினும், ஆள் எவருமின்றி இந்நகருக்கு வந்த ஓர் இளைஞர் எவ்வாறு ஆட்களைத் தேடிக்கொண்டார், தேடியதை என் செய்தார் என்னும் கோணத்தில் அவர் வாழ்வை நம் இளைஞர்கள் பார்த்ததில்லை.

அவர் 1890-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள், வட ஆர்க்காட்டில் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அண்ணாமலை, தாயார் அலமேலு. இயற்பெயர் முனுசாமி. திண்டிவனத்து அமெரிக்க மிஷன் பள்ளியில் சேர்ந்தபொழுது, படிப்பில் சிறந்து விளங்கிய அப்பிள்ளைக்குச் சிகாமணி என்னும் பெயர் வழங்கலாயிற்று. பின்னர் மதம் மாறும்படி வற்புறுத்தல் எழுந்தது; அவர் இணங்கவில்லை; படிப்பு இடையில் நின்றது. மிஷன் பள்ளிகள் நம் மக்களுக்குச் செய்த நன்மை சிறிதன்று என்பதை நாம் அறிவோம். ஆயினும், கைகொடுத்துத் தூக்குபவர் தூக்கப்படுபவனின் மனத்தையும் விலையாகக் கேட்கலாம் என்னும் பாடத்தைச் சிகாமணி அந்த இளவயதிலேயே கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எத்தனையோ பெரிய மனிதர்களிடம் உதவி பெற்றார். தம் கொள்கையை விலையாக வைத்து எதையும் பெற்றார் என்று சொல்ல இடமில்லை.

குடும்பம் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அக்காலத் தங்கவயலை வெறும் சுரங்கம் என்று எண்ணிவிடுதல் கூடாது. வட ஆர்க்காட்டிலிருந்து ஆண்டைகளின் பிடியைவிட்டு வெளியேறிய ஆயிரக்கணக்கான ஆதிதிராவிடக் குடும்பங்கள் அங்கே கூலியைப் பணமாகப் பெற்றன, சங்கங்கள் அமைத்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907 முதல் நடத்திய தமிழன் இதழுக்கு அங்கே வாசகர் பலர். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கமே நிறுவப்பட்டது. வெவ்வேறு ஊரார், வெவ்வேறு சமயத்தார், நிலத்தடியில் ஒரே விளக்கொளியில் உழைத்து, மாலையில் கூடிப் பேசிய இடம் அது. அங்கேதான் சிகாமணிக்கு நீலமேக சுவாமிகளின் தொடர்பு ஏற்பட்டது. அத்தொடர்பு அவரைச் சென்னை வியாசர்பாடிக்கு இட்டுச் சென்றது. கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளிடம் சேர்த்தது. கரபாத்திரம் என்றால் கையே பாத்திரம் என்பது பொருள். திருவோடும் இல்லாமல் உள்ளங்கையில் ஏற்று உண்பவர்களுக்குரிய பெயர் அது. அவரே சிகாமணிக்குச் சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரை அளித்தார்.

வியாசர்பாடியில் அவர் பெற்றவற்றுள் தலையாயது கல்வி. தமிழும் வடமொழியும் வேதாந்த நூல்களும் கற்றார். ஆதிதிராவிடர் ஒருவர் வடமொழி கற்பது அந்நாளில் எத்தகைய செய்தி என்பதை விளக்க வேண்டுவதில்லை. ஒரு புலவர் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால், சாதியைப் பார்த்து முகம் திருப்பியவரும் காதைத் திருப்ப இயலாது. பழக்கம் தேடிப் போகும் நம் இளைஞர் பலர் இந்த இடத்தில்தான் இடறுகின்றனர். பெரிய மனிதர் ஒருவரைக் கண்டு கும்பிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு தொடர்பு வளர்ந்துவிடும் என்று நினைக்கின்றனர். நாம் போன பின்பு நம்மைப் பற்றி நினைக்க அவருக்கு ஏதேனும் ஒன்று வேண்டாமா? அடிகளிடம் அது இருந்தது. அவர் எந்த வீட்டு வாயிலில் நின்றாலும் வெறுங்கையோடு நின்றவரல்லர்.

1910-ஆம் ஆண்டு, இருபதாம் வயதில், அவர் சிதம்பரம் வந்தார். உறவினர் இல்லை, சொந்த ஊரும் அன்று, கையில் பொருளும் இல்லை. வந்த இடமோ தில்லை. நடராசப் பெருமானைக் காண விழைந்த நந்தனார் தீயில் மூழ்கி எழுந்த பின்னரே உள்ளே விடப்பட்டார் என்று புராணம் பேசும் ஊர். ஓமக்குளத்தின் கரையில் அவர் தங்கினார். நந்தனார் தீப்புகுந்த இடம் அதுவே என்பது ஊர் வழக்கு. அங்கே எழுந்த மடத்திற்கு நந்தனார் மடம் என்றே பெயர் அமைந்தது.

இப்பெயரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். ஏனெனில் அடிகளின் மதிநுட்பம் முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது என்பது நம் கருத்து. திருநாளைப்போவார் அறுபத்து மூவருள் ஒருவர். சைவர் எவரும் அவரைத் தள்ள முடியாது. கோயில் பிராகாரத்தில் அவர் திருமேனிக்கும் பூசை நடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையால் அவர் பெயர் கதாகாலட்சேப மேடைகளிலும் பெரிய வீட்டுக் கூடங்களிலும் ஒலித்தது. பின்னர் 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் அவர்களே நந்தனாராக நடித்துப் படம் வந்தது. அவர் பெற்ற ஒரு இலட்ச ரூபாய் ஊதியம் அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. ஆக, கதையில் வரும் நந்தனாருக்காகக் கண்ணீர் விட்ட செல்வர் பலர் இருந்தனர். அவர்கள் தோப்பில் வேலை செய்யும் நந்தன்மார்களைத்தான் அவர்கள் கண்டதில்லை. அடிகள் இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். நந்தனார் பெயரால் ஒரு பள்ளிக்கூடம் என்று கேட்கும்பொழுது இல்லை என்று சொல்லும் சைவர், தம் நாவாலேயே தம் சமயத்தை மறுத்தவராவார். பகைவர் என்று ஒதுக்கத் தக்கவரோடும் பொதுவாக நிற்கக்கூடிய ஓர் அடி நிலத்தை அவர் கண்டுபிடித்தார். அந்நிலத்தில் நின்றுகொண்டே பேசினார்.

1916-ஆம் ஆண்டு நந்தனார் கல்விக் கழகம் தோன்றியது; இருபத்தைந்து மாணவர்களோடு பள்ளி தொடங்கிற்று. இருபத்தைந்து பேரென்பது இன்று ஒரு வகுப்பறைக்கும் போதாத எண்ணிக்கை. ஆனால் அன்று அவர்களைச் சேர்ப்பதே பெரும்பாடு. பண்ணையில் மாடு மேய்க்கும் பையன் பள்ளிக்கு வந்தால், மறுநாள் அவன் தந்தைக்கு வேலை இராது. வந்த பிள்ளைக்குச் சோறு வேண்டும், உடை வேண்டும், இரவில் படுக்க இடம் வேண்டும். எனவே பள்ளியோடு விடுதியும் வளர வேண்டியதாயிற்று. துறவியின் உள்ளங்கை ஒருவருக்குப் போதும். விடுதியின் அடுப்புக்குப் போதாது. இங்கேதான் அவர் பழகிய மனிதர்கள் துணை நின்றனர்.

அவர் பழகியவர்களின் வரிசையை நோக்கினால் வியப்பே மேலிடும். மாற்றுச் சாதியைச் சேர்ந்த செல்வர்களும் சைவ அன்பர்களும் ஒருபுறம். தேசிய இயக்கத்தார் ஒருபுறம். சிறையிலிருந்து மீண்டு வறுமையில் வாழ்ந்த வ.உ. சிதம்பரம் பிள்ளையுடனும் அவருக்கு நட்பு இருந்தது. மற்றொருபுறம் ஆங்கில அரசாங்கத்தின் அதிகாரிகள். 1920-ஆம் ஆண்டு வாக்கில் சென்னை அரசாங்கம் தாழ்த்தப்பட்டோர் நலனைக் கவனிக்கத் தொழிலாளர் நல ஆணையர் என்னும் பதவியை ஏற்படுத்தியது. பள்ளி, கிணறு, வீட்டு மனை ஆகியவற்றுக்கான பணமும் உத்தரவும் அத்துறை வழியே வந்தன. அத்துறையில் எந்த மேசையில் எந்தக் கோப்பு இருக்கின்றது என்று அறிந்தவர்க்கே காரியம் நடந்தது. மாவட்டத் தலைநகர் கடலூர், ஆணையரோ சென்னையில். சிதம்பரத்திலிருந்து கடலூருக்கும், விழுப்புரம் வழியாகச் சென்னைக்கும் இரயில் வசதி இருந்தது நம் நற்பேறு. ஓரிடத்தில் இருந்து தவம் செய்யும் துறவி அல்லர் அவர். ஊர் ஊராக அலைந்து வேலை முடிப்பதையே தவமாகக் கொண்டவர்.

தேசியவாதிக்கும் வெள்ளை அதிகாரிக்கும் அந்நாளில் ஆகாது. இருவரோடும் ஒருவர் பழகினால் இருவரும் ஐயுறுவர். அடிகள் அவ்வையத்தைப் பொறுத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் யாருடைய கட்சியும் அன்று என்பதே அவர் நடத்தையில் நாம் காணும் விடை. ஒரே பக்கம் சாய்ந்த தொடர்பு அந்தப் பக்கம் சரியும் நாளில் தானும் சரியும் என்பதை வணிகம் செய்யும் நம் இளைஞர்கள் எளிதில் உணர்வர். ஒரே கொள்முதல்காரரை நம்பிக் கடை நடத்தியவர் பட்ட பாட்டை நாம் நேரில் கண்டிருக்கின்றோம்.

1926-ஆம் ஆண்டு அவர் சென்னைச் சட்டமன்ற மேலவை என்று பின்னாளில் பெயர் பெற்ற அன்றைய சட்டசபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். அங்கே முன்னரே எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் நம் மக்களுக்காக வாதாடி வந்தனர். பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் எவரும் தடையின்றிப் புழங்கலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலையார் 1924-இல் அச்சபையில் கொணர்ந்தது வரலாறு. சிதம்பரத்துப் பள்ளியின் ஆசிரியர் ஊதியத்திற்காக அலைந்த துறவி, இப்பொழுது மாகாணம் முழுவதன் பிள்ளைகளுக்காகவும் கேட்கும் இடத்தில் அமர்ந்தார். கல்வி, விடுதி, நிலம், குடிநீர், கோயில் நுழைவு என அவர் சபையில் எழுப்பிய பொருள்கள் பல. ஓமக்குளத்தில் தாம் பட்டறிந்தவற்றையே அங்கே அவர் பேசினார்; ஆகவே அவர் பேச்சில் கணக்கு இருந்தது.

மறு ஆண்டு, 1927 செப்டம்பரில், காந்தியடிகள் சிதம்பரம் வந்தார். நந்தனார் மடத்தில் எழவிருந்த கோயிலுக்கு அவரே அடிக்கல் நாட்டினார். 1934-இல் அரிசன நிதிச் சுற்றுப்பயணத்தின்பொழுதும் அவர் இப்பகுதிக்கு வந்தார். பெருந்தலைவர் ஒருவரின் வருகை ஒரு நிறுவனத்திற்கு என்ன செய்யும் என்பதை அடிகள் நன்கு அறிந்திருந்தார். நேற்றுவரை வாயிலில் காக்க வைத்த உள்ளூர்ப் பெரியவர், மறுநாள் முதல் நாற்காலி எடுத்துப் போடுவார். பகட்டு என்று சிலர் இதை இகழலாம். விடுதியில் உண்ணும் பிள்ளை அதை இகழ மாட்டான்.

இனி ஒரு குற்றச்சாட்டையும் மறைக்காமல் கூற வேண்டும். அண்ணல் அம்பேத்கர் 1935-இல் இயோலாவில் தாம் இந்துவாக இறப்பதில்லை என்று அறிவித்த பின்னர், நம் மக்களிடையே இரு நெறிகள் தெளிவாகப் பிரிந்தன. அடிகள் மதமாற்றத்தை ஏற்கவில்லை. சைவராகவும் வேதாந்தியாகவுமே நின்றார். காங்கிரசோடு சேர்ந்தே அரசியல் நடத்தினார். மேல்சாதியாரின் தயவை நாடியவர் என்று அவரைக் குறை கூறியோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அண்ணல் காட்டிய நெறியில் நடப்போர் நம் கழகத்திலும் பலர் இருக்கின்றனர். நாம் இதைப் பற்றிப் பலமுறை விவாதித்துள்ளோம். பிறர் தயவில் கட்டிய கட்டடத்தில் அவர்கள் மனம் கோணாத அளவே பேச முடியும் என்னும் வாதத்தில் வலிமை இருக்கின்றது. அவர் இன்னும் கடுமையாகப் பேசியிருக்க வேண்டிய இடங்கள் இருந்தன என்றே நாமும் கருதுகின்றோம். ஆனால் தயவு வேறு, தொடர்பு வேறு. தயவு பெற்றவன் தன் ஒருவனுக்காகப் பெறுகின்றான். கொடுத்தவன் போனால் அதுவும் போகின்றது. அடிகள் பெற்றது எதுவும் அவர் பெயரில் தங்கவில்லை. அவருக்கு மனையில்லை, மக்களில்லை, சொத்தில்லை. செல்வர் கொடுத்ததும் அரசு கொடுத்ததும் பள்ளியாயிற்று, விடுதியாயிற்று. கொடுத்தவரில் ஒருவரும் இன்று உயிரோடில்லை, கட்டடங்கள் உள்ளன. இதை நோக்கியே நாம் அவர் பக்கம் சற்றுச் சாய்கின்றோம்.

மற்றொன்றும் உண்டு. மேலோர் பழக்கத்தையே பெரிதாகப் பேசிவிட்டோம். விடுதியில் தம் பிள்ளைகளுக்குள் அவர் உண்டாக்கிய பழக்கமே நம் கண்ணுக்கு மேலாகத் தோன்றுகின்றது. ஒவ்வோர் ஊரின் சேரியும் ஒரு தீவாக இருந்த காலம் அது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பிள்ளைக்குப் புவனகிரிப் பிள்ளையைத் தெரிய வழியில்லை. ஒரே பந்தியில் உண்டு ஒரே கூடத்தில் படித்தவர்கள் பின்னர் ஆசிரியராகவும் அலுவலராகவும் பல ஊர்களுக்குச் சென்றபொழுது, ஒருவர்க்கொருவர் ஆளாயினர். ஓரூரில் பணியிடம் காலியென்றால் மற்றோர் ஊருக்குச் செய்தி போகும். நமக்கு ஆளில்லை என்னும் சொல்லுக்கு முதல் மறுப்பு அந்த விடுதிப் பந்தியில்தான் எழுந்தது எனலாம். பிறர் உயர்ந்தால் நமக்கென்ன என்றிருக்கும் படித்தவர் சிலரைக் காணும்பொழுது நமக்கு வருத்தமே மிகுகின்றது. அவரும் எவரோ ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதத்தால் உள்ளே சென்றவரே.

நம் காலத்திற்கு இது எவ்வாறு பொருந்தும் என்று கேட்பீர்கள். 1974-இல் தாட்கோ நிறுவப்பட்டது. தொழில் தொடங்குவோர்க்கு மானியமும் கடனும் உண்டு. நடுவண் அரசின் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் குறுந்தொழில், சிறுதொழில் நிறுவனங்களிடம் பெற வேண்டும் என்று 2012-இல் ஆணை நடைமுறைக்கு வந்தது. தமிழக அரசு 2023-இல் அண்ணல் அம்பேத்கர் பெயரால் 35 விழுக்காடு மூலதன மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நெய்வேலி நிறுவனம் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றது; கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கின்றது. சட்டத்தில் வாயில் திறந்திருக்கின்றது. ஆயினும் ஒப்பந்தப்புள்ளி எப்பொழுது வெளிவரும், எந்தப் பதிவு முதலில் வேண்டும், திட்ட அறிக்கையில் வங்கியார் எதை நோக்குவர் என்பவற்றை, முன்பே அவ்வழி சென்ற ஒருவர் சொன்னாலன்றி முதல் தலைமுறைக்காரர் அறிவதில்லை. அடிகள் காலத்தில் கோப்பு இருந்த மேசையை அறிய வேண்டியிருந்தது. இன்று அது கணிப்பொறித் திரையில் இருக்கின்றது. வேறுபாடு அவ்வளவே. நம் கழகத்தின் பழைய மாணவர் பதிவேடு பாதிப் பக்கங்கள் நிரம்பாமல் கிடப்பதை இவ்விடத்தில் உறுப்பினர்கட்கு நினைவூட்டுகின்றோம்.

அடிகளின் எஞ்சிய வாழ்வைச் சுருங்கச் சொல்லலாம். 1939-இல் மதுரையில் ஆலய நுழைவு நிகழ்ந்தது. 1947-இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. நந்தனார் தீயைக் கடந்து சென்றதாகச் சொல்லப்படும் கோயிலுக்குள் நம் மக்கள் கால் கழுவிச் சென்றாலே போதும் என்றாயிற்று. விடுதலைக்குப் பின் 1952, 1957 ஆகிய இரு பொதுத் தேர்தல்களிலும் அடிகள் சிதம்பரம் தொகுதியில் வென்றார். அந்நாளில் அஃது இரட்டை உறுப்பினர் தொகுதி. பொது இடத்திற்கு ஒருவரும் தனி இடத்திற்கு ஒருவருமாக இருவரைத் தொகுதி மக்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பர். இரு முறையும் உடன் வென்றவர் வாகீசம் பிள்ளை. நாற்பதாண்டுகளுக்கு முன்பு தெருவில் நடக்க ஒதுங்க வேண்டியிருந்த ஊரில், எல்லாத் தெருவாரும் அவருக்கு வாக்களித்தனர் என்பது சிறிய செய்தியன்று. தனித்தொகுதி முறையில் அதற்கு ஒரு காரணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை; ஆனால் அத்தனை ஆண்டுகள் அத்தெருக்களில் அவர் ஏறி இறங்கிய திண்ணைகளும் காரணமே.

சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்பொழுதே, 1959-ஆம் ஆண்டு மே முதல் நாள், தம் அறுபத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளிகள் இன்று அரசு நந்தனார் மேல்நிலைப் பள்ளிகளாக, ஆண்களுக்கு ஒன்றும் பெண்களுக்கு ஒன்றுமாக, சிதம்பரத்தில் நடைபெறுகின்றன. அரசு அவருக்கு மணிமண்டபமும் எழுப்பியுள்ளது. சனவரி 27-ஆம் நாள் அங்கே மாலை அணிவிக்கப்படுகின்றது. மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பேருந்து நிறுத்தத்திற்குச் செல்கின்றனர். மேல்புதுப்பாக்கத்து முனுசாமி என்றால் அவர்களுள் பலர்க்கு அது யார் என்று தெரியாது.